ஒகெச்சின் இரண்டாம் குடித்தனம்

முதல் தவணைப் பணம் அமோந்தியின் கைப்பேசியில் வந்து விழுந்த மறுநாள் காலை, விக்டோரியா ஏரியில் மூழ்கி மூன்று வருடமாகியிருந்த அவள் புருஷன் ஒகெச், கல்லறையை விட்டு எழுந்து வந்து வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்ததில் ஊருக்குச் சந்தேகமில்லை, குழி திறந்து கிடந்தது. வந்தது ஒகெச்தானா என்பதில்தான் தகராறு. ஏரி அவன் உடலைத் திருப்பித் தரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு இந்தக் கரையில் செய்வதைத்தான் அவனுக்கும் செய்திருந்தார்கள்: யாகோ மரத்திலிருந்து கை நீளக் காய் ஒன்றைப் பறித்து, அவனுடைய நீலச் சட்டையைச் சுற்றி, காளை அடித்து, வேண்டிய மட்டும் அழுது, வீட்டுக்கு வலப்பக்கம் புதைத்தார்கள். அந்தக் காய்தான் இப்போது வாசலில் இருந்தது. அழுகவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் போயிருந்தது.

பணம் கடல் கடந்த ஏதோ ஒரு சங்கத்தினுடையது. ஊரில் எல்லா ஏழைக் குடும்பத்துக்கும் இரண்டு தவணையாகத் தருவதாகச் சொன்னார்கள். பிசாசுப் பணம் என்று பயந்து ஒதுங்கியவர்களும் உண்டு. சங்கத்துப் பெண் வந்து விளக்கியபோது அமோந்திக்கு நம்பிக்கை வரவில்லை.

"சும்மாவா தர்றீங்க?"

"சும்மாதாம்மா. என்ன வேணா வாங்கிக்கங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டோம்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்!"

சும்மா என்ற சொல்லின் விலை அமோந்திக்குத் தெரியும். அவள் மீன் விற்றுப் பிழைப்பவள். கையில் ரொக்கமில்லாத விதவைக்குக் கரையில் படகுக்காரர்கள் மீன் தருவது மீனுக்காக மட்டுமல்ல. படகு முதலாளி ஒபுயாவின் கொட்டகைக்குப் பின்னால் போய் வந்த பிறகுதான் அவள் தலையில் சுமக்கும் பேசினில் மீன் விழும். அப்படி விழுந்த மீனில்தான் வீட்டில் சோளக்களி கிளறினாள். போன வருட மழையில் புல்கூரை ஒழுகி, கடைக்குட்டிப் பையன் நெஞ்சு அடைத்துச் செத்தான். இப்போது மகள் அவினோவும் அதே இருமலை இருமத் தொடங்கியிருந்தாள். அமோந்தியின் திட்டம் எளிமையானது: முதல் தவணையில் தகரக்கூரை போட்ட புது வீடு. இரண்டாவதில் ரொக்கம் கொடுத்து மீன். அதன் பிறகு கொட்டகையின் முன்பக்கத்தோடு வியாபாரம் முடிந்துவிடும்.

பணத்துக்கு நிபந்தனை இல்லைதான். நிபந்தனைகள் எல்லாம் ஊரில் ஏற்கெனவே இருந்தன. விதவை புது வீடு கட்டினால் முதல் கம்பை ஓர் ஆண்பிள்ளை நடவேண்டும். நட்டவன் அவளுக்குப் புருஷனாவான். ஒகெச்சின் தம்பி ஒடெக், தகரம் வந்து இறங்கியதுமே குளித்துவிட்டு வந்தான்.

"கம்பு நடறேன் அண்ணி. நட்டா, கம்போட நானும் உள்ள வரணும்ல? ரெண்டாந் தவணையும் என் போனுக்கே வரட்டும். பொம்பளைக்கு எதுக்கு அலைச்சல்?"

"என் புருஷன் வாசல்ல உக்காந்திருக்காரு கொழுந்தனாரே. அவரு நடுவாரு."

"அது காய் அண்ணி!"

பஞ்சாயத்து கூடியது. பெரியவர்கள் காயைப் புரட்டிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் மோந்தும் பார்த்தார். காய்தான் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அமோந்தி எழுந்தாள். "அப்ப அந்தக் காளைய எதுக்குத் தின்னீங்க? ஆம்பளை செத்ததுக்கா, காய் விழுந்ததுக்கா? காய்க்குத்தான்னா கக்குங்க!" அந்தக் காளையின் திமிலைத் தின்றவர்தான் இப்போது பஞ்சாயத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது ஒகெச்தான், கொஞ்சம் இளைத்திருக்கிறான் என்றார். கம்பு நடத் தோண்டிய குழியருகே காயைக் கிடத்தினார்கள். கம்பு தானாக நிமிர்ந்து குழிக்குள் இறங்கி நின்றது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, தகரம் ஏற்றும் வேலை கிடந்தது. புது வீட்டில் முதல் ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாயில் படுக்கவேண்டும் என்ற முறையும் நடந்தது. அவன் மேல் ஏரி வாடை அடித்தது என்று மட்டும் அமோந்தி பின்னாளில் சொன்னாள். மழை வந்தது. தகரத்தில் அது போட்ட சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை, ஆனால் சொட்டவில்லை. அவினோவின் இருமல் நின்றது.

இரண்டாம் தவணை வந்த அன்று ஒபுயா வந்தான். ஒகெச்சோடு மூழ்கியது ஒபுயாவின் படகு. அமோந்தியை அவள் பிறந்த அலேகோ ஊரைச் சொல்லித்தான் அவன் கூப்பிடுவான்.

"செத்தவன்கிட்ட கேக்கக்கூடாதுன்னு மூணு வருஷமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன் அலேகோக்காரி. உயிரோட இருக்கானாமே! படகுக்கு என்ன சொல்றான்?"

அடுத்து, படகோடு போன வலைக்குக் காசு கேட்டு வலைக்காரன் வந்தான். கடைசியாக ஒடெக். "சாவே நடக்கலைல்ல அண்ணி? அப்ப சாவுக்குன்னு நான் குடுத்த காளை?" அதே பெரியவர்கள் கூடி, ஆள் இருந்தால் கடனும் இருக்கும், நியாயம் நியாயம்தான் என்று மிகுந்த சந்தோஷத்தோடு தீர்ப்புச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் கைப்பேசி காலி. புருஷன் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் பணம் தங்கியிருக்கும். கூரைக்கடியில் ஒடெக்கும் தங்கியிருப்பான். இதை அவள் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தாள், எந்தப் பக்கம் போட்டாலும் நஷ்டம்.

மறுநாள் வெறும் பேசினை எடுத்தாள். கொட்டகை நினைவுக்கு வந்தது. பிறகு ஒகெச்சைத் தூக்கிப் பேசினுக்குள் கிடத்தி, தலையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

"இவன எதுக்குடி சுமந்துட்டு வந்தே?" என்றான் ஒபுயா.

"வீட்ல இருக்க மாட்டேங்கறாரு. எனக்கு மீன் போடறவங்களப் பாக்கணுமாம்."

படகுக்காரர்கள் நீலச் சட்டையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். புருஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்டாட்டியையும் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட இந்தக் கரையில் ஆளில்லை. ஒபுயா காறித் துப்பிவிட்டு, ஒகெச் பெயரில் கடனாக மீன் போட்டான். பேசினில் புருஷன் போக மிச்ச இடத்துக்குத்தான் மீன் கொள்ளும். அந்தப் பாதிப் பேசின் வருமானத்தில்தான் அவர்கள் இன்றுவரை சாப்பிடுகிறார்கள், பாதி வயிறு.

சந்தைக்குப் போகும் மினிபஸ்ஸில் நடத்துநர் அவளிடம் இரண்டு பேருக்குக் காசு கேட்கிறான். அமோந்தி, காளையைக் கக்கச் சொல்லி ஒரு பஞ்சாயத்தையே மடக்கியவள், இதற்கு மட்டும் வாதாடுவதில்லை. இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, ஒகெச்சை ஜன்னலோரம் உட்கார வைக்கிறாள்.