கதிரைக்குப் பிழை

“கதிரை,” என்றார் கமலாசனி. தர்மிளா தாளில் பிழை போட்டாள்.

“குசினி.” இன்னொரு பிழை.

“ஏன் பிள்ளை, நான் வாயைத் திறக்கத் திறக்கப் பிழை போடுறீர்?”

“நீங்கள் சொல்லி முடியுங்கோ அம்மா. பேந்து சொல்லுறன்.”

முரசுமோட்டையில் அன்றைக்கு இது நாலாவது வீடு. தர்மிளாவுக்குத் தலைவலி. மூளையும் ஞாபகமும் பற்றி அவளுடைய பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து செய்யும் ஆய்வு. அங்கிருந்து வந்த பத்துத் தமிழ்ச் சொற்களை வாசித்துக் காட்டி, இருபது நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். ஆறுக்குக் குறைந்தால் ஞாபகக் குறைவு. கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

“அஞ்சு,” என்றாள் கடைசியில்.

“அஞ்சோ? நான் ஒன்பது சொன்னனான்.”

“நான் வாசிச்சது நாற்காலி. நீங்கள் கதிரை எண்டு சொன்னீங்கள்.”

“நீர் இப்ப இருக்கிறது என்னத்தில?”

தர்மிளா குனிந்து தான் இருந்த கதிரையைப் பார்த்தாள்.

“சமையலறை எண்டீர். உள்ளுக்க போய்ப் பாரும், குசினிதான் இருக்கு. பீரோவும் தெரியும், நாடகம் பாக்கிறனான். அலுமாரியைத்தானே சொல்லுறீர்? தேநீர் எண்டீர், நாங்கள் குடிக்கிறது தேத்தண்ணி.”

“அதே சொல்லுத்தான் வரவேணுமாம் அம்மா.”

“வவுனியாவுக்கு வாங்கோ எண்டு மகன் ரெண்டு வருசமா நிக்கிறான். வயலை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நான் நிக்கிறன். இந்தத் துண்டைக் கண்டானெண்டால் என்னை ஏத்திக்கொண்டு போயிடுவான்.”

இதற்கு முன் எண்பத்துமூன்று வீடுகளில் கதிரைக்குப் பிழை போட்டாயிற்று. ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. தர்மிளா முற்றத்துக்குப் போய், ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் பிரசாந்தனை அழைத்தாள்.

“சேர், கருத்துச் சரியெண்டால் சரி போடலாமோ?”

“ஒராளுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தவேணும். வன்னியில ஞாபகக் குறைவு கூட எண்டு வெளிநாட்டாக்கள் கட்டுரையே எழுதத் தொடங்கிட்டினம்.”

“எல்லாரும் கதிரை எண்டுதான் சொன்னவை சேர். தாளின்ர கரையில குறிச்சு வைச்சிருக்கிறன்.”

“அந்தப் பட்டியலை நானும் பாத்துத்தான் கையெழுத்து வைச்சனான். துண்டு எத்தனை பேருக்குக் குடுத்தனீர்?”

“முப்பத்தொரு பேருக்கு.”

“பிழை எங்களில எண்டு அவை எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லும். வெளிநாட்டாக்களோட நான் கதைக்கிறன். ஒரு வருச வேலை போச்சு.”

தர்மிளா திரும்பி வந்தாள். “அம்மா, உங்களுக்கு ஒன்பது. துண்டு இல்லை.”

“விட்டது எது?”

“தேங்காய்.”

“வீட்டு வளவு முழுக்க அதுதான் கிடக்கு,” என்று சிரித்துக்கொண்டே கமலாசனி தேத்தண்ணி வைக்கப் போனார்.

தர்மிளா துண்டு கொடுத்தவர்களில் முதல் ஆளின் இலக்கத்தை அழுத்தினாள். ஓமந்தை அப்புத்துரை. மகள் எடுத்தாள்.

“அப்பா இப்ப மன்னாரில எங்களோட. நீங்கள் தந்த துண்டைக் கண்டாப்பிறகு தனிய விடேலுமோ? வீட்டைப் பூட்டி, மாடுகளையும் குடுத்தாச்சு.”

“அக்கா, அந்தத் துண்டு பிழை. எங்கட பிழை.”

“அதை நான் அவருக்குச் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

போன் கைமாறியது. தர்மிளா எல்லாவற்றையும் அப்புத்துரைக்குச் சொன்னாள்.

“என்ர ஞாபகம் சரியெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை,” என்றார். “மாடுகளை ஆரிட்டக் குடுத்தவை எண்டுதான் ஒருத்தரும் சொல்லினமில்லை.”