குள்ளர் வீட்டைச் சுத்தம் செய்தார்கள்

தொல்லியல் அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்று சேதி வந்ததும் பொன்னழகுக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? குஜிலியம்பாறைப் பக்கம் அவளுடைய கடலைக்காட்டை ஒட்டியிருந்த கரட்டை, அந்தச் சின்னப் பாறைக்குன்றை, கல் உடைக்கக் குவாரிக்காரன் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த கரட்டில் அவன் வைத்த வெடியிலேயே அவள் கிணறு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. இதுவும் போனால் காடு ஏது, பிழைப்பு ஏது? ஒரே நம்பிக்கை கரட்டின் மேலிருந்த குள்ளர் வீடு. வட்டமாக நட்ட கற்கள், நடுவில் பலகைக்கல் மூடிய குழி. ஆதிகாலத்து மனுசரைப் புதைத்த இடம், அரசாங்கம் கையில் எடுத்துவிட்டால் குவாரி கிட்டே நெருங்க முடியாது என்று யாரோ சொல்லப்போக, மனுவோடு நடையாய் நடந்தவள் அவள்.

"ஆபீசர் வார நேரத்துல இப்படி முள்ளும் குப்பையுமாவா கெடக்கிறது?" என்றாள் கொழுந்தன் மூக்கையாவிடம்.

விருந்தாளி வருகிறார் என்றால் தெருவையே கூட்டுகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி ஏறியது. சாய்ந்த கற்களை நிமிர்த்தி சிமெண்டு வைத்தார்கள். பலகைக்கல்லை நகர்த்தி, குழிக்குள் இருந்த மண்ணையும் பானையோட்டையும் அள்ளி ஓடையில் கொட்டினார்கள். சுண்ணாம்பும் காவியும் அடித்து முடித்ததும் பொன்னழகு கையெடுத்துக் கும்பிட்டாள். அம்புட்டு அழகு.

அதிகாரி பானுப்ரியா சின்ன வயசுக்காரி. கற்களைச் சுற்றி வந்தாள். காலிக் குழியைக் குனிந்து பார்த்தாள்.

"இது குவாரிக்காரங்க செஞ்ச வேலையா? சொல்லுங்கம்மா, கேஸாவது போடலாம்."

"அவன் எங்க செஞ்சான்? எங்க மதினிதான் முன்ன நின்னு செஞ்சாக," என்றான் மூக்கையா பெருமையாக.

பானுப்ரியா சிமெண்டு வைத்த கல்லைத் தொட்டுக் காட்டினாள். "அந்த மண்ணும் ஓடுந்தாம்மா சாட்சி. கல்லு சாஞ்சு நின்னதும் சாட்சி. இப்ப இதைப் போன வாரம் கட்டுன கோயில்னு குவாரிக்காரங்க சொன்னா, நான் என்ன பதில் எழுதுவேன்?"

"ஓடையிலதான் கெடக்கு தாயி. ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டு வந்து போட்டுர்றோம்," என்றாள் பொன்னழகு.

"இருந்த இடத்துல இருந்தாத்தாம்மா அது சாட்சி," என்று அதிகாரி நோட்டை மூடினாள். பொன்னழகுக்கு அப்போதுதான் செய்த வேலை உறைத்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது வாய்விட்டு அழுதிருப்பாள்.

கரட்டுக்கு அனுமதி கிடைத்த அன்று குவாரி மேஸ்திரி அவள் காட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கினான். நக்கல் செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னான்.

"அதுல கை வைக்க எங்களுக்கே பயமா இருந்துச்சும்மா. நல்லவேள, நீங்களே கலைச்சு விட்டுட்டீக."