நூற்றுப் பத்து உதிரிப் பழங்கள்

“ஆளுக்கு எத்தன பழம் கொண்டு வரச் சொன்னீங்க?”

“பத்து.”

“எத்தன பிள்ளைங்க?”

“பதினொண்ணு.”

“அப்ப நூத்திப் பத்து. கணக்கெல்லாம் கரெக்டாத்தான் லா இருக்கு டீச்சர்.”

சொன்ன மண்டோர் சந்திரன், தோட்டத்து வேலையாட்களின் மேற்பார்வையாளர், சிரிக்கவில்லை. சேறு அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நின்றுகொண்டிருந்தார். பதினொரு மேசைகளிலும் செம்பனையின் உதிரிப் பழங்கள் பத்துப் பத்தாக அடுக்கப்பட்டிருந்தன. பாதி கறுப்பு, பாதி ஆரஞ்சு. ஏழு மணிக்கே வந்து இன்றைய பாடத்துக்காக அடுக்கி வைத்தவள் நான். எண்ணெய் என் விரல்களில் இன்னும் பிசுபிசுத்தது.

“கீழ கிடந்ததத்தானே பொறுக்கினாங்க. இதுல எஸ்டேட்டுக்கு என்ன நட்டம் மண்டோர்?”

“நட்டம் பழத்துல இல்ல டீச்சர். மரத்தடியில நாலஞ்சு உதிர்ந்து கிடந்தாத்தான் மேல குலை பழுத்திருச்சுன்னு வெட்டுற ஆளுக்குத் தெரியும். நாற்பது அடி ஒசரம். அண்ணாந்து பாத்து என்ன தெரியப் போவுது? தரையத்தான் பாப்பான். லயத்து வீடுங்களுக்குப் பின்னால இருக்கற மர நிரை வசந்தன் வெட்டுறது. நேத்து அவன் வந்து பாத்திருக்கான், தரை தொடச்சு விட்ட மாதிரி இருந்திருக்கு. பழுக்கலன்னு விட்டுட்டுப் போயிட்டான். பதினேழு குலை. சாயங்காலம் நான் போய்ப் பாத்தா எல்லாம் செவந்து நிக்குது.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். தரையில ஒண்ணுமே இல்ல மண்டோர்னு சொன்னான். நான் நம்பல. சோம்பேறிப் பயலேன்னு திட்டினேன்.” அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “காலையில வர்ற வழியில ஒரு பழம் கிடந்துச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அப்படியே பாத்துக்கிட்டே வந்தேன். உங்க ஸ்கூல் கேட்டுல கொண்டாந்து விட்டுருச்சு.”

முதல் வரிசையில் ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தனின் மகள். முந்தாநாள் மாலை மற்ற பிள்ளைகளைக் கூட்டிப் போனது அவள்தான். ‘எங்கப்பா நிரையிலதான் டீச்சர் நெறைய கிடக்கும்’ என்று அன்று காலையில் பெருமையோடு சொல்லியிருந்தாள்.

“வசந்தனுக்கு இந்த வருசம் ரெண்டு வார்னிங் லெட்டர் ஆயிருச்சு,” என்றார் மண்டோர், குரலைத் தாழ்த்தி. “மூணாவது வந்தா வேலை போயிரும். வீட்டையும் காலி பண்ணணும். ஒம்பது மணிக்கு மேனேஜர் அந்த மூணாவது லெட்டர்ல சைன் வைப்பாரு.”

சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து. அதே ஒன்பது மணிக்குத்தான் என் பாடத்தை மதிப்பிட விரிவுரையாளர் வருகிறார்.

ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டம் இது. போன வருடம் இதே கட்டத்தில் தவறிவிட்டேன். அப்போதும் வகுப்பைப் பார்வையிட்ட இதே விரிவுரையாளர் அன்னபூரணம் மதிப்பீட்டுத் தாளில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘படங்கள் அனைத்தும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை, இந்தப் பிள்ளைகளின் சூழல் எங்கே?’ எங்கள் ஆசிரியர் கல்விக் கழகத்தில் இரண்டாம் வாய்ப்பு உண்டு. மூன்றாவது கிடையாது. அந்த வரியைத் தாளில் எழுதி, பாரோய் நகரிலுள்ள எங்கள் வீட்டில் என் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் எங்கெங்கோ தூர தேசத்துக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தேன். பனி எப்படிப் பெய்யும் என்று எனக்குத் தெரியும். உறைந்த ஆற்றின்மேல் குதிரைவண்டி போனால் என்ன சத்தம் கேட்கும் என்றுகூடத் தெரியும். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இந்தத் தோட்டத்தில் செம்பனைப் பழம் தரையில் கிடந்தால் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்திருக்கவில்லை.

“நான்தான் பொறுக்கச் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா?”

“அப்ப லெட்டர நிறுத்திரலாம். ஆனா நீங்க ட்ரெய்னிங் டீச்சர். இன்னும் மூணு வாரத்துல போயிடுவீங்க. கீழ அரசாங்கத்துல நிரந்தர வேலையில இருக்கற ஒருத்தர் சைன் வேணும். இல்லன்னா மேனேஜர் தூக்கிப் போட்டுருவாரு.”

என் வழிகாட்டி ஆசிரியர் ஹேமநாதன் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் அன்று பகாவ் டவுனில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பார்த்ததும் ஹேமநாதன் சார் கையை மெதுவாக உயர்த்தித் தடுத்தார்.

“என் பேர இதுல இழுக்காதீங்க மயூரி. பத்து மணிக்கு மேல எதுன்னாலும் பாத்துக்கலாம். மொதல்ல பாடத்த முடிங்க.”

“ஒம்பதுக்குச் சைன் வெச்சிருவாங்களாம் சார்.”

“தப்பு நடந்ததே உங்க பயிற்றுத் துணைப்பொருளாலன்னு எழுதிக் குடுக்கப் போறீங்க. இன்னைக்கே அந்த மேடம் அதுக்கு மார்க் போடப் போறாங்க. கொஞ்சம் யோசிங்கம்மா.”

யோசித்தேன். வராந்தாச் சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டே யோசித்தேன். மேனேஜர் படிப்பதற்காக மலாயில் எழுதினேன். பழங்களைப் பொறுக்கச் சொன்னது நான். அதனால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாததும் நான்தான். வசந்தன் வழக்கம்போல் தரையைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறார். பிள்ளைகள் மீது தவறில்லை. பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. கீழே ஒரு கோடு போட்டு, அதன்மேல் இடம் விட்டேன்.

வகுப்புக்குத் திரும்பினேன். ஷாமினி தன் பத்துப் பழங்களையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“திரும்பக் கொண்டு போய் அங்கயே போட்டுர்றேன் டீச்சர். எங்கப்பா பாத்து வெட்டிருவாரு.”

“பழத்த மேசையில வை. நான் பாத்துக்கறேன்.”

“மண்டோர் மாமா திட்டுவாரு.”

“திட்டறதா இருந்தா என்னத்தான் திட்டணும். வை.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எட்டுதான் இருந்தன. மற்ற இரண்டும் உருண்டு எங்கோ போயிருந்தன. குனிந்து தேடிக் கண்டுபிடித்து, வரிசையை நானே நேராக்கினேன்.

எட்டு ஐம்பதுக்குச் செம்மண் பாதையில் புழுதி கிளம்பியது. வெள்ளைக் கார் கொய்யா மரத்தடியில் நின்றது. அன்னபூரணம் மேடம் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். ஹேமநாதன் சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். நான் அவரைத் தாண்டி ஓடினேன். பின்னாலேயே மண்டோர் பூட்ஸைப் பாதி மாட்டிக்கொண்டு வந்தார்.

“வணக்கம் மேடம். பாடத் திட்டம் மேசையில இருக்கு. பிள்ளைங்களும் ரெடி. ஆனா மொதல்ல இதப் படிக்கணும்.”

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற மண்டோரையும் பார்த்தார். பிறகு தாளை வாங்கிப் படித்தார். நான்கைந்து வரிகள்தான். வெகுநேரம் படித்தார். வகுப்பு ஜன்னலில் பதினொரு தலைகள் முளைத்திருந்தன.

“இந்தப் பழம்தான் உங்க பாடத்துக்கு எடுத்த பொருளா?”

“ஆமா மேடம்.”

“இத எங்கிட்டயே கொண்டு வந்து காட்டுறீங்க.”

“ஆமா மேடம்.”

மண்டோர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். எட்டு ஐம்பத்து மூன்று. மோட்டார் சைக்கிளில் போனாலும் ஆபீசுக்கு ஐந்து நிமிடம் ஆகும். என் பேனாவின் மூடியைக் கழற்றி, எண்ணெய் பட்டிருந்த இடத்தைச் சேலை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினேன்.

“என் கையெழுத்து மட்டும் பத்தாதாம் மேடம். இந்தக் கோட்டுக்கு மேல நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க.”