புண்ணிய காலத்தில் சேர்வரைத் தொடலாமா?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அதற்கு இடம் கிடைக்காது. இந்தக் கதையில் நான் சத்தியம் செய்யக்கூடியது ஒரே ஒரு வாக்கியம். குருநாகலில் ஒரு கூட்டுறவு வங்கியின் தலைமைக் கந்தோரில், சித்திரைப் புத்தாண்டன்று, ஒரு பெண் சொன்னாள்: "சேர், இது வேலை இல்லை, விளையாட்டு."

கேட்டதும் என் காது நிமிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம் காதுதான். மற்றதெல்லாம் அந்த வாக்கியத்தைச் சுற்றி நான் பூசிய வெண்ணெய். வங்கியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கேதான் கணக்குப் பிரிவில் இருந்தேன். இன்றைக்கும் அவர்கள் தரும் பென்சனில்தான் தேநீர் குடிக்கிறேன்.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "எரபது மரம் பூத்துக் குலுங்க, குயில் கூவ, புது வருடம்—" போதும். ஒவ்வொரு சித்திரைக்கும் வானொலியில் இதே குயில்தான் கூவுகிறது. பாவம், அதுவும் ஓய்வு பெறட்டும்.

இரண்டாவது: "சேர்வர் என்பது பல கணினிகளுக்குச் சேவை வழங்கும் ஒரு—" இதை வாசித்துக் காட்டும்போது என் மனைவி தூங்கிவிட்டாள். உட்கார்ந்தபடியே.

மூன்றாவது: "வீரக்கோன் கீபோர்ட்டின் மேல் உட்கார்ந்தார்." இது பரவாயில்லை. ஆனால் வீரக்கோன் யார், ஏன் கீபோர்ட்டின் மேல் உட்கார வேண்டும் என்று சொல்லாவிட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். சொல்கிறேன்.

3

நில்மினி எக்கநாயக்க அந்த வங்கியின் ஒரே கணினிப் பொறியியலாளர். முதல் பிரதியில் அவளுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். கதையில் வரும் பொறியியலாளர்கள் கண்ணாடி போடுவார்கள் அல்லவா. பிறகு கழற்றிவிட்டேன். நிஜ நில்மினிக்குக் கழுகுக் கண். நான் கதவருகில் ஒளிந்து நின்றதைக்கூட—

(அவசரப்படாதே, கிழவா.)

சேர்வரின் இயங்குதளம் பழையதாகிவிட்டது, புதியதுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது மாற்றுவது? நாற்பது கிளைகளும்* ஒருசேர மூடியிருக்கும் நேரம் புத்தாண்டு விடுமுறைதான். வங்கியின் தலைவர் சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு.

தலைவரைப் பற்றி ஒரு வரி: வெள்ளை உடுப்பு, அதில் ஒரு கசங்கலை நான் கண்டதில்லை; சோதிடர் சொல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

நிபந்தனை ஒன்று: கைவிசேஷ நேரத்துக்கு எல்லாக் கிளைகளும் திறந்து வேலை செய்ய வேண்டும். வருடத்தின் முதல் கொடுக்கல் வாங்கலை எந்த வங்கியில் வைத்தார்களோ, சனங்கள் வருடம் முழுக்க அங்கேதான் போவார்கள். எதிர்த் தெரு வங்கிக்காரர்கள் பலகாரத் தட்டோடு வாசலில் காத்திருப்பார்கள்.

நிபந்தனை இரண்டு: புண்ணிய காலத்தில் வேலை என்ற பேச்சே கூடாது. பழைய வருடம் போய்ப் புதியது தொடங்கும் நடுவில், அடுப்பு மூட்டாத, வாயில் ஒன்றும் வைக்காத அந்தப் பொல்லாத இடைவெளியில் யாராவது வேலை செய்தால் வருடம் முழுக்க வங்கிக்குத் தரித்திரம்.

இரண்டில் எது தவறினாலும் நில்மினிக்கு ஹிம்புட்டுவெவக் கிளைக்கு மாற்றம். அங்கே கணினி ஒன்று, ஊழியர் இரண்டு பேர், யானை முப்பது. யானைகள் கிளையின் சுவரில் முதுகு சொறிந்துகொள்ளும். அங்கே போன பொறியியலாளர் எவரும் திரும்பி வந்ததில்லை.**

* பதினொன்று. நாற்பது என்றால்தான் உங்களுக்குப் பயம் வரும்.
 ** அங்கே இதுவரை பொறியியலாளர் எவரும் போனதில்லை.

4

புதிய இயங்குதளம் பழைய வருடத்திலேயே ஏறி முடிந்துவிட்டது. நில்மினி சேர்வரை மூடித் திறந்தாள். அது சமர்த்தாக எழுந்தது, கடவுச்சொல் கேட்டது, வணக்கம் சொன்னது. கிளைகளோடு மட்டும் பேசவில்லை. திரையில் கிளைகளின் பெயர்கள் வரிசையாகச் சிவந்திருந்தன.

கேபிளைக் கழற்றி மாட்டினாள். சேர்வரின் முதுகில் பச்சை விளக்கு மினுங்கியது. ஆக, கேபிளுக்கு உயிர் இருக்கிறது. நெட்வேர்க் வாசல்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். அடுத்த கட்டளைக்கு விரலைத் தூக்கியபோது விகாரையில் மணி அடித்தது. புண்ணிய காலம்.

பொது முகாமையாளர் வீரக்கோன், தொண்ணூறு கிலோ மனிதர், பாய்ந்து வந்து கீபோர்ட்டைப் பிடுங்கி, நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

"சேர்! அதில கன விசை இருக்கு. எல்லாத்தையும் ஒரேயடியா அமத்திறீங்கள்!"

"வயரைக் கழட்டிப்போட்டுத்தான் இருக்கிறன் தங்கச்சி. எனக்கும் மூளை இருக்கு."

"ரெண்டு வரி சேர். ரெண்டே ரெண்டு வரி எழுதினால் காணும்."

"எழுதினால் உனக்கு யானை. எழுத விட்டால் எனக்கும் யானை. பேசாமல் இரு."

நான் அப்போது எங்கே இருந்தேன்? வீட்டில் மூன்றாம் முறை தேநீர் கேட்டேன். அடுப்பு மூட்டாத நேரத்தில் கேட்டால் என்ன நடக்கும்? மனைவி வெளியே துரத்தினாள். வங்கி எங்கள் தெரு முனையில். காவலாளி கிரிபண்டா எனக்குப் பழைய கூட்டாளி, கதவைத் திறந்துவிட்டான். இருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கதைசொல்லி வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டும்.

5

இனி நில்மினி கண்ணால் மட்டும் பிழை தேட வேண்டும். தொடக் கூடாது, பார்க்கலாம். பார்ப்பதும் வேலையா என்று வீரக்கோன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பார், ஆனால் கூர்ந்து பாக்காத" என்றார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டினாள்.

"பேர் மாறிப்போச்சு சேர்."

"ஆருக்கு?"

"வாசலுக்கு."

விளக்கம் சொல்ல வேண்டிய இடம் இது. கொட்டாவி விடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். சேர்வரின் முதுகில் இரண்டு நெட்வேர்க் வாசல்கள்: ஒன்று கிளைகளுக்கு, மற்றது கந்தோருக்குள். பழைய இயங்குதளம் அவற்றைப் பூச்சியம், ஒன்று என்று கூப்பிட்டது. புதியது, வாசல் எந்தப் பலகையில் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்து, வால் நீண்ட புதுப் பெயர்களை வைத்துவிட்டது. முகவரிகளைக் கொடுக்கும் கோப்போ பழைய பெயர்களைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

"இப்ப எது எந்த வாசல் எண்டு தெரியோணும். ஒரு கேபிளை இழுத்தால், எந்தப் பேர் செத்தது எண்டு திரையே சொல்லும். பிறகு கோப்பில புதுப் பேரை எழுதி, நெட்வேர்க்கைத் திருப்பி எழுப்போணும். அவ்வளவுதான் சேர்."

"அவ்வளவும் வேலை."

"புண்ணிய காலம் முடிய எவ்வளவு நேரம்?"

"முடியிற கையோட கைவிசேஷம். சனம் வாசலில நிக்கும்."

அதாவது தொட்டால் யானை, தொடாவிட்டாலும் யானை. இந்த இடத்தில் நான் கதையை இரண்டு மாதம் கைவிட்டிருந்தேன். நில்மினியைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. மின்னல் ஒன்றை இறக்கி, சேர்வரைத் தானாகச் சரியாக்கிவிடலாமா என்றுகூட—

(கேவலம். அடித்துவிட்டேன்.)

6

வழியைத் திறந்தவன் கிரிபண்டா. யோசித்துத் திறக்கவில்லை, அவனுக்குப் பொழுது போகவில்லை.

"சேர், சும்மா இருந்து என்ன செய்யிறது? பஞ்சா விளையாடுவமே? பலகையும் சோழியும் காவல் அறையில கிடக்கு. புண்ணிய காலத்தில விகாரைக்குப் போகலாம், விளையாடலாம். எங்கட ஊரே இப்ப விளையாடிக்கொண்டுதான் இருக்கும்."

நில்மினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அந்தத் திருப்பலை எழுத நான் ஏழு தடவை முயன்றேன். பூனை மீன் வாசனை பிடித்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"விளையாடுவம் கிரிபண்டா அண்ணே. ஆனால் ஒரு சட்டம். சோழி உருட்டி அஞ்சு விழுந்தவர், காய் நகர்த்திறதோட இன்னொரு நகர்த்தலும் செய்யோணும். நான் சொல்லுறதை."

"என்ன நகர்த்தல்?" வீரக்கோனுக்குச் சந்தேகம்.

"சேர், இது வேலை இல்லை, விளையாட்டு."

இதுதான் அந்த வாக்கியம். எழுந்து நின்று வாசியுங்கள்.

வீரக்கோன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. இது என்ன?"

"எனக்குப் பென்சன் கிடைச்சிட்டுது. நான் ஒண்டும் காணேல்ல" என்றேன்.

சிரட்டையில் சோழிகள் குலுங்கின. முதல் ஐந்து கிரிபண்டாவுக்கு. நில்மினி சொன்னபடி சேர்வரின் முதுகிலிருந்து கிளைகளுக்குப் போகும் கேபிளை இழுத்தான். திரையில் ஒரு வரி எட்டிப் பார்த்து, நீண்ட பெயர் ஒன்று செத்துப்போனதாக அறிவித்தது.

"அதுதான் கிளை வாசல்! மாட்டுங்கோ அண்ணே!"

அடுத்த ஐந்து நில்மினிக்கு. வீரக்கோன் எழுந்து கீபோர்ட்டை நீட்டினார். அது இன்னும் சூடாக இருந்தது. அவள் வயரைச் செருகி, கோப்பில் இரண்டு பழைய பெயர்களையும் எடுத்துவிட்டுப் புதியவற்றை எழுதினாள். நெட்வேர்க்கை எழுப்பும் கட்டளையையும் எழுதி, கடைசி விசையை மட்டும் அமத்தாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"அமத்தன்!" என்று கத்தியது வீரக்கோன்.

"என்ர முறை முடிஞ்சுது சேர். உருட்டுங்கோ."

அவருக்கு ஐந்து விழவேயில்லை. இரண்டு, மூன்று, இரண்டு. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். சோழிகளைப் பேர் சொல்லித் திட்டினார். "இந்தச் சோழி கள்ளச் சோழி" என்றார். இருபது தடவை, இல்லை, இருநூறு தடவை உருட்டினார். கடைசியில் விழுந்தது. துள்ளிப் போய், ஆட்காட்டி விரலால் விசையை அமத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நான் ஒண்டும் செய்யேல்ல! அவள் சொன்னதைத்தான்—"

முதல் கிளை பச்சையானது. பிறகு இரண்டாவது. பிறகு நாற்பதும்.* வீரக்கோனும் கிரிபண்டாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேறு எந்த நாளிலும் நான் காணாத காட்சி அது.

* பதினொன்றும்.

7

நல்ல நேரம் பிறந்தது. வெடி, ரபான் மேளச் சத்தம், வாழைப்பழம், பாற்சோறு. வெற்றிலையில் சில்லறை வைத்துக்கொண்டு சனங்கள் நிறைந்தார்கள். முன்னால் தலைவர், கசங்காமல். முதல் கைவிசேஷம் அவருடையது. இயந்திரம் கிர்ரென்று ரசீதுத் துண்டை நீட்டியது.

அவர் நகரவில்லை.

"பழைய வருசம் முடியேக்க கிளை ஒண்டும் வேலை செய்யேல்ல எண்டு கேள்விப்பட்டன். இப்ப வேலை செய்யுது. இடையில இருந்தது புண்ணிய காலம் மட்டும்தான். அதில ஆர் வேலை செய்தது?"

ரபான் நின்றுவிட்டது. (நான் நிறுத்தினேன்.)

"ஒருத்தரும் இல்லை சேர்," நில்மினி நேராக நின்று சொன்னாள். "பஞ்சா விளையாடினம்."

"விளையாடினதுக்குச் சேர்வர் சரி வருமோ?"

"கடைசி நகர்த்தலோட சரி வந்தது சேர். அதை வைச்சவர் பொது முகாமையாளர். அது வேலையோ விளையாட்டோ எண்டு அவரைத்தான் கேக்கோணும்."

எல்லாத் தலைகளும் வீரக்கோன் பக்கம் திரும்பின.

8

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. "விளையாட்டுத்தான் சேர்" என்கிறார்: நில்மினி தப்புகிறாள், ஆனால் தொண்ணூறு கிலோ முகாமையாளர் சோழி உருட்டிய கதை குருநாகல் முழுக்கப் பரவும். "வேலைதான்" என்கிறார்: அப்படியானால் அதைச் செய்த விரல் அவருடையது, யானைகளும் அவருக்கே. மூன்றாவது, எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுகிறார். இதை எழுதிப் பார்த்தேன். மனைவி வாசித்துவிட்டு, "அந்தாள் அப்பிடிச் செய்யாது, கிழிச்சுப் போடுங்கோ" என்றாள். கிழிக்கவில்லை. செய்யாது என்று எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

நடந்தது என்ன என்றா கேட்கிறீர்கள்? ஒரு வாக்கியத்துக்குத்தான் சத்தியம் என்று சொன்னேனே. ஆனால் இவ்வளவு மட்டும் காட்டிவிட்டு ஒதுங்குகிறேன்: வீரக்கோன் மேசையில் இருந்த பலகாரத் தட்டைப் பார்த்தார். இருந்ததிலேயே பெரிய தொதல் துண்டை எடுத்து, முழுதாக, வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

மெல்லுகிறார். தலைவர் காத்திருக்கிறார். நில்மினி அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல தொதல்; மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் விடாது. அவர் விழுங்குவதற்குள் ஒரு முடிவை எழுதிக் கொடுங்கள்.

அவளுக்குச் சாதகமாக இருக்கட்டும்.