பெய்ஹுவாவின் இடப்பக்கம்

தைவானின் கீலுங் துறைமுகத் தெருவில் ஒருவர் தும்மினால் மாலைக்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தெருவில், பக்கவாதம் வந்து தன் பார்வையில் இடது பாதி போன சங்கதி ஒருவருக்கும் தெரியாது என்று பெய்ஹுவா நம்பிக்கொண்டிருந்தாள். கைகால் தப்பித்துவிட்டது. கண்ணிலும் கோளாறு இல்லையாம், மூளையில்தான் அடி என்றார் டாக்டர். எதுவானால் என்ன, இரண்டு கண்ணையும் அகலத் திறந்தாலும் இடப்பக்கம் என்று ஒன்று கிடையாது. தட்டில் அந்தப் பாதி மூங்கில் குருத்து அப்படியே மிஞ்சும். கதவுநிலை தோளில் மோதும். அந்தப் பக்கம் நின்று சிரித்தவர்களை அவள் கவனிக்காமல் போனதால், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு.

ஆஸ்பத்திரியில் படிக்கப் பயிற்சி கொடுத்த பெண் புத்தகத்தின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள். "செவப்பு தெரியிற வரைக்கும் தலையத் திருப்புங்கம்மா. போன பார்வை வருமோ வராதோ, திரும்பிப் பாக்குற பழக்கம் வந்துரும்."

ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்கப் பெய்ஹுவாவுக்குப் பொறுமையில்லை. உட்கார்வாள், எழுவாள், தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள், மறப்பாள். நினைப்பெல்லாம் வியாழக்கிழமை நாலு பேர் கூடிக் காய் ஆடும் மாஜோங் மேசையில். அந்த நாற்காலியும் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அது எப்போது காலியாகும் என்று மருந்துக்கடைக்காரர் மனைவி வேறு காத்திருக்கிறாள்.

மாஜோங்கில் வரிசை சேர்க்க இடப்பக்கத்து ஆள் வேண்டாமென்று போடும் காயைத்தான் எடுக்கலாம். எடுக்க வேண்டிய காய் எல்லாம் அவளுக்கு இல்லாத பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாராவாரம் தோற்றாள்.

ஒரு வியாழன் கை கழுவிவிட்டுத் திரும்பியவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"போன வாரம் நீதானே உக்காந்தே மெய்ச்சு? இன்னிக்கு அவ இடப்பக்கம் நான்தான்." பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கோ.

"விட்டுக்குடுங்கண்ணே. அங்க உக்காந்தாத்தான் பயமில்லாம காய் போடலாம்." முடிதிருத்தும் கடை மெய்ச்சு.

"மெதுவாப் பேசித் தொலைங்க. அவளுக்குக் காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது," என்றாள் நாலாவது ஆளான திங் அக்கா.

பெய்ஹுவாவுக்கு அழுகை வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டது. விரட்டிவிடுவார்கள் என்று அல்லவா பயந்துகொண்டிருந்தாள்? இவர்கள் அவளை விடவே மாட்டார்கள் போலிருக்கிறதே!

திரையை விலக்கினாள். "மெய்ச்சு, கடையிலேருந்து செவப்பு நகப்பூச்சு கொண்டா."

"எதுக்குக்கா?"

"எனக்கு இடப்பக்கம் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே. செவப்பத் தேடித் தலையத் திருப்பச் சொல்லியிருக்காங்க. இனிமே அங்க உக்கார்ற ஆளு பத்து வெரலுக்கும் பூசிக்கணும். பிடிக்கலன்னா நான் வேற மேசை பாத்துக்கறேன்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுன கைம்மா இது!" என்றார் கோ.

"அப்ப எந்திரிங்கண்ணே," என்றாள் பெய்ஹுவா.

கோ எழுந்திருக்கவில்லை. ஆசை யாரை விட்டது? கையை நீட்டினார். மெய்ச்சு நகப்பூச்சைக் கொண்டுவந்து பூசப் பூச, திங் அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள்.

முதல் ஆட்டத்தில் பெய்ஹுவா இரண்டு காயைத் தவறவிட்டாள். தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. ஈரப் பூச்சு காயில் ஒட்டிவிடும் என்ற சாக்கில் கோ விரல்களை மடக்கிக்கொண்டே ஒரு காயை நகர்த்தினார். பெய்ஹுவா திரும்பினாள். சிவப்பு இல்லை. இன்னும் திரும்பினாள். கட்டைவிரல் ஓரம் சிவந்தது.

"அந்தக் காய் எனக்கு!"

மறுநாள் மீன் சந்தையில் கோவின் விரல்களைப் பார்க்காதவர் பாக்கியில்லை. அடுத்த வியாழன் அந்த இடத்துக்கு யாரும் சண்டை போடவில்லை. யார் உட்காருவது என்று சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டியிருந்தது.