ஜிகினாப் போர்வை

பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் பாதி மக்காச்சோளம் காலி. வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் காடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் காவலுக்குப் படுத்தார். அவர் போன பிறகு நான் படுக்கிறேன். இதில் மற்றவர்களுக்கு எங்கே வலிக்கிறதோ தெரியவில்லை.

அவருடைய அண்ணன் செல்லதுரைக்குத்தான் ரொம்ப வலித்தது. ஊர்ப் பெரியவர் அய்யாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொம்பள தனியா காட்டுல படுத்தா ஊரு என்னம்மா பேசும்? பேசாம காட்ட எங்கிட்ட குத்தகைக்கு வுட்டுட்டு வூட்டுல இரு."

"பன்னி மேஞ்சுட்டுப் போனா ஊரா மாமா வந்து எனக்குச் சோறு போடும்?" என்றேன்.

அய்யாக்கண்ணு நடுவில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். அறுப்புவரை நானே காவல் காக்கலாம். ஒரு ராத்திரி பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தாலும் காடு செல்லதுரைக்குக் குத்தகை. சரி என்றேன். அவர் கைக்குப் போன காடு திரும்பி வராது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

ஆனால் மார்கழிப் பனி என்னைப் படாதபாடு படுத்தியது. சோளத்தட்டை காய்ந்து நிற்கிற நேரத்தில் நெருப்பு மூட்ட முடியாது, ஒரு பொறி போதும். கம்பளியோ பனியில் ஊறிக் கல்லாகக் கனத்தது. திருச்சியில் நர்சிங் படிக்கும் என் மகள் பிரவீணா ஒரு ஜிகினாத் தாளை வாங்கிக் கொடுத்துவிட்டாள். விபத்தில் அடிபட்டவர்களுக்குப் போர்த்துவதாம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கியது, விரித்தால் ஆளையே மூடியது.

சாயங்காலம் அதைப் போர்த்திக்கொண்டு, காட்டு நடுவில் கம்பு நட்டுக் கட்டியிருந்த காவல் பரணில் உட்கார்ந்திருந்தேன். வரப்போடு போன செல்லதுரை நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, புரோட்டா பார்சல் கணக்கா உக்காந்திருக்க?"

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தத் தாளும் என் காலை வாரிவிட்டது. அதுவே சூடு கொடுக்கும் என்று நம்பிக் கம்பளியைத் தூர எறிந்துவிட்டு, சேலைமேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். வேர்வை உள்ளேயே நின்று சேலை ஈரமாகிவிட்டது. பரண் பலகையிலிருந்து குளிர் முதுகில் ஏறியது. விடிகிறபோது பல் கிட்டிப் போயிருந்தது. போனில் மகளைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

"அதுக்குன்னு சூடு கெடையாதும்மா. உன் ஒடம்புச் சூட்ட வெளிய வுடாம புடிச்சு வெக்கும், அவ்ளோதான். உள்ள கம்பளி, மேல தாளு. அடியில மெத்துன்னு எதாச்சும் போடு. வேத்தா லேசா தொறந்து வுடு."

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். காய்ந்த தோகையைச் சாக்கில் திணித்து அடியில் போட்டேன். அதன்மேல் உட்கார்ந்து கம்பளி, கம்பளிக்கு மேல் தாள். காற்றும் நுழையவில்லை, பனியும் இறங்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, குளிர் போய்த் தூங்கிவிடுவேனோ என்ற பயம்தான் வந்தது. அசைந்தால் சரசரவென்று கத்தும், முள் பட்டால் கிழியும். கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டேன்.

அறுவடை மிஷின் வருவதற்கு முந்தின ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மார்கழி மழை, கூடவே மலைக்காற்று. வரப்பில் பன்றி உறுமிற்று. தாளைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு தகரத்தைத் தட்டினேன், தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். வீட்டு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, வந்த வழியே போகச் சொன்னேன்.

விடியலில் தூறல் விடுவதற்குள் அய்யாக்கண்ணுவை இழுத்துக்கொண்டு செல்லதுரை வந்தார். அய்யாக்கண்ணு குடை பிடித்திருந்தார். செல்லதுரை வந்த அவசரத்தில் வெறும் துண்டோடு கிளம்பியிருக்கிறார்.

"நான் சொல்லல? நேத்து அடிச்ச மழைக்கு ஓடியிருப்பா" என்று பேசிக்கொண்டே வந்தவர், பரணில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அய்யாக்கண்ணு காட்டைச் சுற்றிப் பார்த்தார். பன்றிக் கால்தடம் வரப்போடு திரும்பியிருந்தது. ஒரு தட்டைகூடச் சாயவில்லை.

"தூறல் வுட்டதும் மிஷின வரச் சொல்லும்மா" என்றார்.

செல்லதுரை நனைந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பரணை விட்டு இறங்கி, போர்த்தியிருந்த தாளை உதறி அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, போத்திக்கிட்டு வூட்டுக்குப் போங்க. குளிருக்குத் தாளு தரேன். காடு தரமாட்டேன்."