அருமைநாயகம் டாக்டரின் கைராசி

அன்று காலை தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்கு வந்த அக்கா, அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். மாமரத்தடியில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். எதிரே நாலைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் கையிலும் மருந்துக் குப்பி. சற்றுமுன் முன்கட்டில் அக்கா நோய் பார்த்து, கலந்து கொடுத்த மருந்துகள்தான். அப்பா ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம், கொள்ளாம், நல்லாருக்கு. கொண்டு போயிக் குடி" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆரியசாலைத் தெரு முழுவதும் அப்பாவின் கைராசிக்கு அடிமை. கைநடுக்கம் வந்து அவர் வைத்தியத்தை அக்காவிடம் ஒப்படைத்த பிறகும், அருமைநாயகம் டாக்டர் தொட்டால்தான் மருந்து கேட்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கொப்பரை மண்டி பகவதிப்பெருமாள் என்னிடமே சொல்லியிருக்கிறார்: "டாக்டரம்மா குடுக்கது நல்ல மருந்துதாம்டே. ஆனா ஐயா கை படாட்டா அதுக்கு உசிரில்ல, கேட்டியா." சென்னைப் பட்டணம் போய் வருஷக்கணக்கில் பிணம் அறுத்துப் படித்தவளுக்கு இந்தப் பேச்சு எப்படி இருக்கும்! நான் ராஜையன். அந்தப் படிப்புக்குப் பயந்து ஓடி ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக ஒளிந்துகொண்டவன். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வரிசை கலைந்து ஓடியது. அக்கா ஓடவில்லை.

"இது என்னதுப்பா?"

"ஒண்ணுமில்ல மக்கா. சும்மா தொட்டுக் குடுக்கேன். அவியளுக்கு ஒரு சமாதானம்."

"அவியளுக்கா, உங்களுக்கா?"

அப்பா மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அந்த மாமரத்தடி தர்பார் எவ்வளவு பிடித்திருந்தது என்பது எங்கள் வீட்டுக் கோழிகளுக்குக்கூடத் தெரியும். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "நாகர்கோயில் ஆஸ்பத்திரில என்னைய வரச் சொல்லுதாவ. நான் போறேன். நீங்க இருந்து எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு இருங்க." கோபித்துக் கத்தியிருந்தால் அப்பா சமாளித்திருப்பார். இந்த நிதானம் அவரை ஆட்டிவிட்டது. போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. கிழக்கேகோட்டை அக்ரகாரத்துச் சாம்பசிவ ஐயர் மேல்துண்டு சரிய இறங்கி ஓடிவந்தார். "டாக்டர்வாள், எங்க எளையவ நாகலக்ஷ்மிக்கு வலி எடுத்து விடியறதுக்கு முன்னாலேர்ந்து துடிக்கறா. கொழந்தை தலைமாறிக் கெடக்காம். மருத்துவச்சி பொன்னம்மை தன்னால ஆகாதுன்னுட்டா. உடனே வரணும்."

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. காரணம் இருந்தது. அந்தத் தெருவில் பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளை கால் வைக்கக்கூடாது. அப்பா கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே மருத்துவச்சி பொன்னம்மை என்ன காண்கிறாள் என்று கேட்டுக் கேட்டு, அவள் செய்ய வேண்டியதைக் கதவுக்கு வெளியிலிருந்து கூவுவார். காதால் பிரசவம் பார்த்த டாக்டர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். ஆனால் இதே சாம்பசிவ ஐயரின் மூத்த பெண்ணுக்கும் பிள்ளை இப்படித்தான் தலைமாறிக் கிடந்தது. அப்பா கூவிக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், மறுநாள் எழுந்து, அக்காவை டாக்டருக்குப் படிக்க வைக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னார்.

"சுசீலா..." என்று அப்பா அக்கா பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தாள். அப்பாவும் நானும் பின்னாலேயே ஏறிக்கொண்டோம்.

வேதக்காரப் பெண்ணை, அதாவது கிறிஸ்தவப் பெண்ணை, உள்கட்டுக்குள் விடுவார்களா என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. வீண் கவலை. பிள்ளை பெறும் அறை எப்படியும் தீட்டு. அதற்குள் யார் போனாலும் கூடுதலாகக் கெட ஒன்றுமில்லை. நாகலக்ஷ்மியின் அம்மா பாகீரதி மாமி அக்காவின் கையைப் பிடித்து, "உள்ள வாடி கொழந்தே" என்று இழுத்துக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது. அப்பா வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை.

"சுசீலா, கால் தெரியுதா? பிடிச்சு இழுத்துராத. தானா வரட்டும்!"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"முதுகு மேல பாத்து இருக்கணும், கேட்டியா? தோளு வரைக்கும் வந்தாச்சுன்னா..."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "கொஞ்சம் சும்மா இருங்க."

சாம்பசிவ ஐயர் கூரையைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க இருமினேன். அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்தக் கூடத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. பேச்சு போனதும் பயம் வந்துவிட்டது போலும். என் மணிக்கட்டைப் பற்றினார். நாடி பார்க்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டார். உள்ளே நாகலக்ஷ்மி ஒருமுறை அலறி நின்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கர்த்தரைக் கூப்பிடுகிறார் என்று உதட்டசைவில் தெரிந்தது. சாம்பசிவ ஐயர் பத்மநாபனைக் கூப்பிட்டார். எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தோன்றவில்லை. அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அப்போது பிள்ளை அழுதது. சாதாரண அழுகையா அது! யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி, நியாயம் கேட்கிற அழுகை. ஐயர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்து நின்றார். "பெண்பிள்ளை! தாயும் சுகம்!" என்று பொன்னம்மை கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு, "பொல்லாத கையாக்கும் இந்தக் கொச்சு டாக்டரம்மாவுக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்துக் கதவு திறந்தது. பாகீரதி மாமி கிண்ணம் எடுக்க வெளியே வந்தாள். கையில் நாகலக்ஷ்மிக்காக அக்கா கலந்து கொடுத்த மருந்துக் குப்பி. அப்பா பெஞ்சில் அமர்ந்தபடியே, யோசிக்காமல், பழக்கத்தில் வலது கையை நீட்டினார். கதவுக்கு அப்பால் நின்று அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி நின்றாள். நீட்டிய கையைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள்.

"இது எதுக்கு டாக்டர்வாள்? அதான் உங்க பொண்ணு தொட்டாச்சே" என்று சொல்லி, கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. மடக்கவும் தெரியவில்லை, இறக்கவும் தெரியவில்லை. வருத்தப்படுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா அவரைப் பார்த்தாள். காலையிலிருந்த இறுக்கம் அவள் முகத்தில் இல்லை. அவளும் சிரித்துவிடுவாள் போலிருந்தது.

மாமி மறுபடியும் வந்தாள். இம்முறை அவள் கையில் பழம்புடவைத் துணியில் சுற்றிய குழந்தை. நேரே அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு கை போறாது டாக்டர்வாள். ரெண்டு கையையும் நீட்டுங்கோ."

அப்பா மற்றக் கையையும் நீட்டினார்.